ரத்தக்குழாய் ஏன் புடைக்கிறது? அழற்சி நோய்களும் அனியூரிசமும்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அனியூரிசம்' என்று எழுதியிருந்தால், அதைப் படிக்கிறவர் மனதில் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: "இது வெடிச்சிடுமா?" பயம் நியாயமானது. ஆனால் மருத்துவர் அதற்கும் முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது எதனால் வந்தது? ஏனென்றால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு புடைப்புகளில் ஒன்றுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உயிரைக் காக்கும். இன்னொன்றுக்கு அதே மருந்து உயிரைப் பறித்துவிடும். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் பேசும்போது எல்லாவற்றையும் 'வீக்கம்' என்றே சொல்லிவிடுகிறோம். அடிபட்ட கால் சிவந்து, சூடாகி, வலித்தாலும் வீக்கம்தான். ரத்தக்குழாய் ஓரிடத்தில் பை போலப் பிதுங்கினாலும் வீக்கம்தான். இங்கே இரண்டையும் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓரிடத்தில் திரண்டு வந்து தாக்குவதால் உண்டாகும் சிவப்பு, சூடு, வலி எல்லாம் சேர்ந்தது அழற்சி. ரத்தக்குழாயின் சுவர் பலம் இழந்து வெளியே தள்ளி நிற்பது புடைப்பு, அதாவது அனியூரிசம். குழாயின் வழக்கமான அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு விரிந்துவிட்டால் அதை அனியூரிசம் என்று சொல்வது வழக்கம். இதயத்திலிருந்து கிளம்பும் மிகப் பெரிய ரத்தக்குழாய்தான் மகாதமனி. வயிற்றில் ஓடும் இடத்தில் அதன் அகலம் சுமார் 2 செ.மீ. இருக்கும்; அது 3 செ.மீ.யைத் தொட்டால் அனியூரிசம். அழற்சி எப்படிப் புடைப்பில் கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் நம் விஷயம்.

சுவருக்குள் நடப்பது

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. அது வெறும் குழாய் அல்ல, உயிருள்ள உறுப்பு. அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. ரத்தம் உரசிக்கொண்டு ஓடும் உள்ளுறை மிக மெல்லியது. நடுவுறையில் தசையும், ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பும் மீள்நார்களும் இருக்கின்றன. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தமனி சற்று விரிந்து பழைய நிலைக்குத் திரும்புவது இந்த நடுவுறையால்தான். அதைச் சுற்றி உறுதியான நாரால் ஆன வெளியுறை.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இங்கே இருக்கிறது. பெரிய தமனியின் சுவர் தடிமனானது என்பதால், உள்ளே ஓடும் ரத்தத்திலிருந்து அதன் வெளிப்பகுதிக்குப் பிராணவாயு போய்ச் சேராது. ரத்தத்தையே சுமந்து செல்லும் குழாய்க்கும் தனியாக ரத்தம் தேவைப்படுகிறது. அதற்காக வெளியுறைக்குள் மயிரிழை போன்ற நுண்குழாய்கள் ஓடுகின்றன. குழாய்க்குச் சோறு போடும் குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெசெட் நோய் போன்ற அழற்சி நோய்கள் கைவைப்பது இங்கேதான். வெள்ளணுக்கள் இந்த நுண்குழாய்களைச் சுற்றித் திரள்கின்றன. நுண்குழாய்கள் அடைபடுகின்றன. சாப்பாடு இல்லாமல் நடுவுறை வாடுகிறது. போதாததற்கு, அந்த வெள்ளணுக்கள் வெளிவிடும் நொதிகள் மீள்நார்களை அரிக்கின்றன. தசை அழிந்து, நார் அறுந்து, சுவர் மெலிந்துபோன இடத்தில் ரத்தத்தின் அழுத்தம் தள்ளத் தள்ள அந்த இடம் பிதுங்கிக்கொண்டே வரும்.

ஒருமுறை பிதுங்க ஆரம்பித்துவிட்டால் அது தானாக வளரவும் ஒரு காரணம் இருக்கிறது. பலூன் ஊதும்போது முதல் இரண்டு மூச்சு கன்னம் வலிக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கும். கொஞ்சம் விரிந்த பிறகு சுலபமாகப் பெரிதாகும், இல்லையா? குழாய் எவ்வளவு அகலமாகிறதோ, அதே அழுத்தத்தில் அதன் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் அவ்வளவு கூடும். சுவரோ நாளுக்கு நாள் மெலிகிறது. அதனால்தான் பெரிய புடைப்பு சிறியதைவிட ஆபத்தானது.

சில சமயம் சுவர் மொத்தமாக ஓட்டையாகிவிடும். வெளியே கசிந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் மட்டும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். இதைப் போலி அனியூரிசம் என்கிறார்கள். பெயரில் 'போலி' இருப்பதைப் பார்த்து யாரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். சொந்தச் சுவரே இல்லாத பை அது, அதனால் கூடுதலாகப் பயப்பட வேண்டியது.

பெசெட் நோய்

1937இல் இஸ்தான்புல்லில் இருந்த தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட், வாயில் திரும்பத் திரும்ப வரும் புண், பிறப்புறுப்பில் புண், கண்ணுக்குள் அழற்சி இவை மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று எழுதினார். கிட்டத்தட்ட இதையே சில ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கண் மருத்துவர் அடமான்டியாடிஸ் சொல்லியிருந்ததால், இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து துருக்கி, ஈரான் வழியாக ஜப்பான்வரை, பழைய பட்டுப் பாதை நெடுகிலும் இந்த நோய் அதிகமாகத் தென்படுகிறது. பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும்.

பெசெட் நோயில் ரத்தக்குழாய்ச் சிக்கல் வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சிரைகளில்தான், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில்தான் பிரச்சினை. காலில் ரத்தம் உறைந்து கால் வீங்கும். தமனிகள் பாதிக்கப்படுவது குறைவு. ஆனால் உயிர் போவது பெரும்பாலும் தமனிகளால்தான். அதிலும் இளம் ஆண்களுக்கே ஆபத்து அதிகம். மகாதமனி, தொடைத் தமனி, முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி, கழுத்துத் தமனி என எங்கு வேண்டுமானாலும் புடைப்பு வரலாம். எல்லாவற்றிலும் கொடியது நுரையீரல் தமனியில் வருவது.

இது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம். மகாதமனியில் சராசரி ரத்த அழுத்தம் சுமார் 90 என்றால், நுரையீரல் தமனியில் 15தான் இருக்கும். ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒரு குழாய் பிதுங்குகிறது என்றால், அழுத்தத்தின்மேல் பழியைப் போட முடியாது. சுவர்தான் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. சாதாரணமாக வயதாக ஆக, புகைபிடிக்க, ரத்த அழுத்தம் கூடக் கூட வரும் அனியூரிசத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அதுவே. நுரையீரல் தமனிப் புடைப்பைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டிய நோய்களில் பெசெட்டும் ஒன்று.

அதன் முக்கிய அறிகுறி இருமலில் ரத்தம் வருவது. முதலில் சளியோடு கொஞ்சமாகக் கலந்து வரும். பிறகு ஒரு நாள் வாய் நிறைய வரும்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இளைஞர் ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். கால் வீங்கியிருக்கிறது, ஸ்கேனில் சிரைக்குள் உறைந்த ரத்தக்கட்டி தெரிகிறது. இருமினால் ரத்தம் வருகிறது. மருத்துவப் பாடம் படித்த யாருக்கும் உடனே தோன்றுவது, காலிலிருந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்பதே. அப்படித்தான் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை உடனே கொடுக்க வேண்டும். ஆனால் அந்த இளைஞருக்கு இருப்பது பெசெட் என்றால் கதையே வேறு. அந்த நோயில் சிரைக்குள் உறையும் ரத்தம், அழற்சி கண்ட சுவரோடு பசைபோட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். பெயர்ந்து போவது அபூர்வம். நுரையீரலில் தெரியும் அடைப்பு பெரும்பாலும் அங்கேயே, புடைத்த தமனிக்குள்ளேயே உறைந்தது. ரத்தம் வருவது அந்தப் புடைப்பின் சுவர் கசிவதால். அங்கே போய் உறைதலைத் தடுத்தால், கசிவு பெருக்காகிவிடும்.

கால் சிரையில் ரத்தக்கட்டியும் நுரையீரல் தமனியில் புடைப்பும் சேர்ந்து வருவதை 1959இலேயே ஹியூஸ், ஸ்டோவின் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அவர்கள் பெயரால் வழங்கும் அந்த நோய்த்தொகுப்பு பெசெட்டின் இன்னொரு வடிவமாகவே இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியிருந்தும் இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. அவசரத்தில், "வாயில் அடிக்கடி புண் வருமா?" என்று கேட்க யாருக்கும் தோன்றாததுதான் காரணம். கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

எக்ஸ்ரேயில் இந்தப் புடைப்புகள் நுரையீரலின் நடுப்பகுதியை ஒட்டி வட்டமான நிழல்களாகத் தெரியும். இருமலில் ரத்தமும் எக்ஸ்ரேயில் நிழலும் சேர்ந்தால் காசநோய் என்று நினைத்துவிடவும் வாய்ப்புண்டு.

பெசெட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நோயாளிகள் சிலரின் முன்கையில் சுத்தமான ஊசியால் குத்திவிட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். குத்திய இடத்தில் சின்னச் சிவப்புப் பரு ஒன்று எழும்பியிருக்கும், சிலருக்கு நுனியில் சீழ்கூடக் கட்டியிருக்கும். கிருமியால் வந்ததல்ல அது. சிறு காயத்தைக்கூடத் தாங்காமல் உடம்பு தன் படையை மொத்தமாக ஏவிவிடுகிறது. நோயைக் கண்டறிய இதையே ஒரு பரிசோதனையாகச் செய்கிறார்கள்.

தோலில் நடப்பது தமனியிலும் நடக்கும். சாதாரண ஆஞ்சியோகிராமுக்காகத் தொடைத் தமனியில் ஊசி குத்தினால், குத்திய இடத்திலேயே புதிதாக ஒரு போலி அனியூரிசம் முளைக்கலாம். அறுவை செய்து புடைப்பை வெட்டியெடுத்துச் செயற்கைக் குழாயைத் தைத்தால், தையல் போட்ட விளிம்பிலேயே அடுத்த புடைப்பு வரலாம். அதனால் பெசெட்டில் தமனியை நேரடியாகக் குத்துவதை முடிந்தவரை தவிர்த்து, கைச் சிரை வழியாகச் சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமையோ எம்.ஆர்.ஐ.யையோ நாடுகிறார்கள். "வீங்கின இடத்தை வெட்டி எடுத்துட்டா சரியாயிடாதா?" என்று கேட்பவர்களுக்கு இந்தச் சின்னப் பருதான் பதில்.

குழந்தையின் இதயத்தில்

ஜப்பானியக் குழந்தைகள் நல மருத்துவர் டொமிசாகு கவாசாகி, 1961இல் 4 வயதுச் சிறுவன் ஒருவனிடம் புதுவிதமான காய்ச்சலைக் கண்டார். அதுபோல 50 குழந்தைகளைப் பார்த்த பிறகு 1967இல் எழுதினார். இன்று அது அவர் பெயரால் கவாசாகி நோய் எனப்படுகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும். ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், பீளை தள்ளாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, சிறு பொடிப்புகளோடு சிவந்த நாக்கு, உடம்பில் தடிப்பு, வீங்கிய கை கால்கள், கழுத்தில் நெறிகட்டு. இரண்டு மூன்று வாரம் கழித்து, நகத்தை ஒட்டி விரல் நுனித் தோல் மெல்லிய தாளாக உரிந்து வரும். இத்தனையும் எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குக் காய்ச்சலைத் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாமலும் போகலாம். அவர்களுக்கே இதயப் பாதிப்பு அதிகம் என்பதுதான் வேதனை.

இந்த நோயில் அழற்சி தேடிப்போவது இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனிகளை. சின்னக் குழந்தைக்கு அவை 2 மி.மீ. அளவில்தான் இருக்கும். சிகிச்சை இல்லையென்றால் நான்கில் ஒரு குழந்தைக்கு அங்கே புடைப்பு வரும். 8 மி.மீ.க்கு விரிந்துவிட்டால் ராட்சத அனியூரிசம் என்கிறார்கள். 2 மி.மீ. குழாய் 8 மி.மீ. ஆவது என்றால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள்.

இங்கே ஆபத்து நேர் எதிர்த் திசையில் வருகிறது. இந்தப் புடைப்புகள் வெடிப்பது அரிது. வேகமாக ஓடும் ஆறு ஏரியில் கலந்ததும் தளர்ந்து தேங்குவதுபோல, புடைப்புக்குள் ரத்தம் சுழன்று தேங்குகிறது. தேங்கினால் உறையும். உறைந்தால் பச்சைக் குழந்தைக்கு மாரடைப்பு. எனவே கவாசாகி நோயில் ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். ராட்சதப் புடைப்பு என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் சேர்க்கிறார்கள். பெசெட் நோயாளியின் நுரையீரலில் எதைக் கொடுக்க அஞ்சினோமோ, இங்கே அதையே கொடுக்காமல் விட அஞ்ச வேண்டும்.

மனதுக்கு ஆறுதலான சேதியும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை, காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் குழந்தையின் உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் சிரை வழியாகச் செலுத்தினால், புடைப்பு வரும் வாய்ப்பு 25 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. முன்பின் தெரியாத அத்தனை பேரின் கொடை ஒரு குழந்தையின் இதயத்தைக் காப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். வந்துவிட்ட புடைப்புகளிலும் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு வருடத்தில் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். சுருங்கிய இடத்தின் சுவர் பழையபடி ஆரோக்கியமாகிவிட்டது என்று மட்டும் அர்த்தமில்லை. எனவே அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவரான பின்னும் இதய மருத்துவரின் பார்வையில் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை வழக்கமாக 11 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். இல்லையென்றால் ஊசி பலிக்காது. அப்புறம், கவாசாகிக்கு ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள் என்பதற்காக வேறு காய்ச்சலுக்கு வீட்டில் யாரும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிடக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்த்தொகுப்பு அதனால் வரலாம்.

மற்ற சில நோய்கள்

50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் ராட்சத செல் தமனி அழற்சியில் நெற்றிப்பொட்டு வலிக்கும், மெல்லும்போது தாடை வலிக்கும், கவனிக்காமல் விட்டால் பார்வை போகும். ஸ்டீராய்டு கொடுத்ததும் தலைவலி மளமளவென்று குறைவதால் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த நோய் வந்தவர்களுக்கு மார்புப் பகுதி மகாதமனியில் அனியூரிசம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 17 மடங்கு இருந்தது. அதுவும் பல வருடங்கள் கழித்து, சத்தமே இல்லாமல் வரும். தலைவலி போனபிறகும் மார்பை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாலிஆர்டெரைட்டிஸ் நோடோசா என்ற நோயில் சிறுநீரகம், குடல் இவற்றின் நடுத்தரத் தமனிகளில் குட்டிக் குட்டிப் புடைப்புகள் வரும். 1866இல் குஸ்மால், மையர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 27 வயதுத் தையல்காரர் ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது தமனிகள் நெடுகிலும் முடிச்சு முடிச்சாகக் கண்டார்கள். ஆஞ்சியோகிராமில் இன்றும் அது மணி கோத்ததுபோல்தான் தெரிகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி சிலருக்கு இந்த நோயைத் தூண்டிவிடும். இளம் பெண்களுக்கு அதிகமாக வரும் தகாயாசு நோயில் தமனி சுருங்குவதே அதிகம், புடைப்பு அதற்கு அடுத்துத்தான்.

முதலில் நெருப்பை அணைப்பது

அழற்சியால் வந்த புடைப்புக்கு முதல் சிகிச்சை அழற்சியை அடக்குவதுதான். பெசெட்டில் நுரையீரல் தமனி புடைத்திருந்தால் உயர்ந்த அளவில் ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தும் கொடுக்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருந்து கேட்டால் புடைப்பு சுருங்குவதும், சிலருக்கு முழுதாக மறைந்துவிடுவதும் உண்டு. மகாதமனியிலும் கை கால் தமனிகளிலும் அறுவையோ ஸ்டென்ட்டோ தேவைப்பட்டால்கூட, நேரம் இருக்கும்பட்சத்தில் மருந்தால் அழற்சியை அடக்கிவிட்டுப் பிறகே கைவைக்கிறார்கள். பின்பும் மருந்தைத் தொடர்கிறார்கள். வெடிக்கும் நிலை என்றால் காத்திருக்க முடியாது. நுரையீரலில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காவிட்டால், மார்பைத் திறப்பதைவிட, குழாய்க்குள் வழியாகவே போய் அந்தக் கிளையை அடைத்துவிடுவதைப் பலரும் விரும்புகிறார்கள்.

இந்த மருந்துகளைத் தொடங்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாக்டீரியா தமனிச் சுவரில் தங்கி அரித்தாலும் இதேபோலப் புடைப்பு வரும். அதற்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமிக்கு வழிவிட்டதாகிவிடும். ஆகவே ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பதும், டி.என்.எஃப். தடுப்பு மருந்துக்கு முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடுவதும் வழக்கம். சைக்ளோபாஸ்பமைடு குழந்தை பெறும் திறனைப் பாதிக்கக்கூடியது. நோயாளிகளில் பலர் இளைஞர்கள் என்பதால், விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைப்பது பற்றி முதல் டோஸுக்கு முன்பே பேசிவிட வேண்டும். நோயின் பரபரப்பில் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குகிறார்கள். தயங்கவே கூடாது.

வாய்ப்புண் வந்தவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். வாய்ப்புண் யாருக்கும் வரும். வருடத்துக்கு மூன்று முறையாவது வந்து, அதோடு பிறப்புறுப்பில் புண்ணோ, கண் சிவந்து பார்வை மங்குவதோ, காலில் ரத்தக்கட்டியோ சேர்ந்தால் மூட்டு, வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். பெசெட் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்கள், இருமலில் துளி ரத்தம் வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும், யாரும் கேட்பதற்கு முன்பே, உங்களால் முடியாவிட்டால் கூட வந்தவர் மூலமாவது, இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: "எனக்கு பெசெட் நோய் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மருந்து போடறதுக்கு முன்னாடி, நுரையீரல் தமனி புடைச்சிருக்கான்னு சி.டி.யில பாத்துடுங்க."